சன்ன மெழுகும் அதனை அகற்றும் நெறியும்

1857ஆம் ஆண்டு வட இந்தியாவில் எழுந்த பெருங்கிளர்ச்சியைப் பற்றி வரலாறு பயிலும் மாணவர் யாவரும் அறிவர். அதற்குரிய காரணங்கள் பல. ஆயினும், நெடுங்காலம் புகைந்துகொண்டிருந்த மனக்குறைகளுக்கு முதற்பொறியாய் அமைந்தது, தோட்டாவிற் பூசப்பட்ட சிறிதளவு கொழுப்பேயாகும். 1853ஆம் ஆண்டின் அமைப்பை உடைய என்பீல்டுத் துப்பாக்கி அப்பொழுது வங்காளப் படையினருக்குப் புதிதாக வழங்கப்பட்டது. அதன் தோட்டாவைச் சுற்றியிருந்த தாளைப் பல்லாற் கடித்துக் கிழித்து மருந்தைக் குழலினுள் இடுதல் அக்கால வழக்கம். அத்தாளிற் பூசப்பட்டது பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் என்ற ஐயம், இந்துக்களையும் இசுலாமியரையும் ஒருங்கே கலங்கச் செய்தது. சனவரி மாதத்திற் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் எழுந்த அவ்வையம், மே மாதம் 10ஆந் திகதி மீரத்திற் பெருந்தீயாய் மூண்டது. வீரர் தாம் விரும்பிய பொருளைத் தாமே தடவிக்கொள்ளலாம் என்று அரசினர் இடையில் விடுத்த ஆணையும் அதனைத் தணித்திலது.

தோட்டாவிற்குக் கொழுப்பு எதற்கு என்ற வினாவை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் எழுப்புவதில்லை. அவ்வினாவிற்கு விடை கூறுவது இரசாயனமும் பௌதிகமும் ஆகும். துப்பாக்கிக் குழலின் உட்புறத்தே திருகுசுருளாகத் தவாளிப்புகள் வெட்டப்பட்டிருக்கும். அவற்றைப் பற்றிக்கொண்டு செல்லும் சன்னம் தன்னைத்தானே சுழன்றுகொண்டு வெளிப்படும். அச்சுழற்சியே அதனை நெறிபிறழாது செலுத்துவது. சன்னமோ ஈயத்தால் ஆயது. ஈயம் நகத்தாலும் கீறத்தக்க மென்மை உடையது. அஃது உருக்குக் குழலின் மீது பெருவிரைவுடன் உராயும்பொழுது, தன்னிற் சிறிது அக்குழலின் சுவரிற் படிந்துவிடும். படிவு மிகுந்தாற் குறி தவறும். இதனைத் தடுத்தற் பொருட்டு, ஈயச் சன்னத்தின் புறத்தே வளையமாக அமைந்த பள்ளங்களில் மெழுகையும் கொழுப்பையும் கலந்து நிரப்புவர். கரிமருந்தைப் பயன்படுத்திய காலத்தில், அது விட்டுச்செல்லும் வறண்ட கசடு இறுகிப்போகாமற் காத்தலும் இக்கலவையின் தொழிலாய் இருந்தது.

இக்காலப் படைகள் வழங்கும் சன்னங்கள் பெரும்பாலும் செம்புக் கலப்புலோகத்தால் உறையிடப்பட்டவை. அவற்றிற்கு மெழுகு வேண்டுவதில்லை. எனினும் அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் பிற சில நாடுகளிலும், குறிபார்த்தற் போட்டிகளில் ஈடுபடுவோர் பலர் ஈயத்தை உருக்கித் தாமே சன்னம் வார்க்கின்றனர். அவர்தம் பட்டறைகளில் மெழுகுக் கலவை இன்றும் இன்றியமையாதது. தேன்மெழுகு ஒரு பங்கும், அலொக்சு எனப்படும் பெற்றோலியச் சார்பான உராய்வு நீக்கி ஒரு பங்கும் சேர்ந்த கலவை அந்நாட்டிற் பெயர்பெற்றது. பரபின் மெழுகு, விலங்குக் கொழுப்பு, ஆமணக்கெண்ணெய், இலிதியம் சேர்ந்த கிறீஸ் என்பனவற்றையும் சேர்ப்பதுண்டு. பிரேசில் நாட்டுப் பனையினம் ஒன்றின் ஓலையிலிருந்து பெறப்படும் காணௌபா மெழுகைக் கடினம் வேண்டிச் சேர்ப்பாரும் உளர். வார்த்த சன்னத்தை ஒரு பொறியின் துளையினூடே அழுத்தி அளவுபடுத்தும்பொழுதே, அப்பொறி மெழுகையும் பள்ளங்களில் ஏற்றுகின்றது.

இங்ஙனம் நாள்தோறும் தொழில் நிகழும் இடத்தில் மெழுகு தன் எல்லையுள் நிற்பதில்லை. பொறியின் இடுக்குகளிற் கசிகின்றது, மேசையில் வழிகின்றது, நிலத்தில் வீழ்ந்து செருப்பின் அடியில் ஒட்டி அறை முழுவதும் பரவுகின்றது. இதனால் விளையும் தீங்குகள் மூன்று. பொறியின் அசையும் உறுப்புகள் இறுகிப் பழுதடைதல் ஒன்று. தரை வழுக்குதல் மற்றொன்று. மூன்றாவது தீங்கு கண்ணுக்கு எளிதிற் புலனாகாதது. ஆயினும் ஏனைய இரண்டினும் பெரிது. சன்னத்தை அழுத்தும்பொழுது சீவப்படும் ஈயத்தின் நுண்ணிய துகள்கள் அம்மெழுகினுட் புதைந்து கிடக்கின்றன. ஆகவே, பட்டறையிற் கிடக்கும் மெழுகு வெறும் மெழுகன்று. ஈயத்தைத் தாங்கிய மெழுகாகும்.

கழுவுதல் என்பது அழுக்கை அழித்தல் என்றே பலரும் கருதுவர். உண்மை அதுவன்று. கழுவுதலால் எப்பொருளும் இல்லாமற் போவதில்லை. ஓரிடத்திருந்த பொருள் மற்றோரிடத்திற்குச் செல்கின்றது, அவ்வளவே. மேசையிலிருந்த மெழுகு துணிக்குச் செல்லும். துணியிலிருந்து நீருக்குச் செல்லும். நீரிலிருந்து வடிகாலுக்குச் செல்லும். எனவே, நன்கு கழுவ விரும்புவோன் மூன்று வினாக்களை முன்னரே எழுப்பிக்கொள்ளுதல் வேண்டும். எதனால் எடுப்பது? எங்கே சேர்ப்பது? அதனுடன் கூடிச் செல்வது யாது? முதல் வினாவிற்கு விடை மெழுகின் இயல்பில் உள்ளது.

தேன்மெழுகு, நீண்ட சங்கிலிபோன்ற கொழுப்பமிலங்களும் அவ்வாறே நீண்ட அற்ககோல்களும் இணைந்த எசுத்தர்களைப் பெரும்பான்மையாகக் கொண்டது. தனித்த கொழுப்பமிலங்களும் ஐதரோக்காபன்களும் அதனுள் உள. அஃது உருகுவது சதமவளவையில் 62 முதல் 65 பாகை வரையில் ஆகும். பரபின் மெழுகு முற்றிலும் ஐதரோக்காபன்களால் ஆயது. பிற பொருள்களோடு எளிதிற் கூடாத அதன் இயல்பு நோக்கியே, ‘உறவு குறைந்தது’ என்று பொருள்படும் இலத்தீன் சொற்களிலிருந்து அதற்குப் பெயரிட்டனர். காணௌபா மெழுகு 80 பாகைக்கு மேலேயே உருகும். இவை யாவும் நீருடன் கலவாதன. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று வலிதிற் பற்றி நிற்பன. தம்மைப் போல மின்னேற்றச் சாய்வுடைய பொருள்களையே அவை தம்முட் சேர்த்துக்கொள்ளும். அத்தகைய சாய்வில்லாத நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகளை அவை விலக்கிவிடும். மெழுகின்மீது வீழ்ந்த நீர் துளியாய்த் திரண்டு உருள்வது இதனாலேயே.

நீர் ஏற்காததை எண்ணெய் ஏற்கும். ஒத்தது ஒத்ததைக் கரைக்கும் என்பது கரைசல்கள் பற்றிய பொதுவிதி. நூலிற் காணுமுன்னரே யாழ்ப்பாணத்து வீடுகளில் இவ்விதி கையாளப்பட்டு வருகின்றது. பலாப்பழம் வெட்டுவோர் முன்னதாகவே கையிலும் கத்தியிலும் தேங்காயெண்ணெய் பூசிக்கொள்வர். பழத்தின் பால் கையிற் பற்றிய பின்னர் எத்துணை நீர் வார்த்தாலும் போகாது. எண்ணெய் தடவித் தேய்த்தாற் கழன்றுவிடும். பட்டறை மெழுகும் இத்தகையதே. மண்ணெண்ணெயும், நிறப்பூச்சு வேலைக்கு வழங்கும் கனியத் தெர்ப்பந்தைலமும் அதனைக் கரைப்பது, அவற்றின் மூலக்கூறுகளும் ஐதரோக்காபன் இனத்தவை ஆதலின் ஆகும்.

எண்ணெய்க்கும் நீருக்கும் இடையே தூது செல்வது சவர்க்காரம். அதன் மூலக்கூற்றின் ஒருமுனை நீரை நாடும். மறுமுனை கொழுப்பை நாடும். கொழுப்பை நாடும் முனைகள் மெழுகின் துணிக்கையிற் பதிய, நீரை நாடும் முனைகள் புறத்தே நோக்கி நிற்கும். இவ்வாறு சூழப்பட்ட துணிக்கை நீரில் மிதந்து செல்லத்தக்கதாகின்றது. இதனைக் குழம்பாக்கல் என்பர். தேன்மெழுகிலுள்ள தனித்த அமிலங்கள் சலவைச் சோடா போன்ற காரத்துடன் கூடித் தாமே ஓரளவு சவர்க்காரமாகும். ஆதலால், தேன்மெழுகு மிகுந்த கலவையைக் காரஞ்சேர்ந்த சுடுநீர் ஓரளவு இளக்கும். பரபின் மெழுகில் அத்தகைய அமிலம் இன்மையின், காரம் அதனிடத்துத் தோல்வியுறும். ஆகவே, கலவையிற் சேர்ந்தவை யாவை என்று அறிந்த பின்னரே கழுவும் பொருளைத் தெரிதல் வேண்டும்.

மெழுகை நீரால் அகற்ற முடியாதெனின், பற்றிக் தொழில் செய்வோர் கொதிநீரைக் கொண்டே துணியின் மெழுகை நீக்குவது எங்ஙனம் என்று மாணவர் வினாவலாம். வினா தக்கதே. அங்கு நீர் மெழுகைக் கரைப்பதில்லை. அதனை உருக்கும் வெப்பத்தை மட்டுமே அளிக்கின்றது. உருகிய மெழுகு நீரினும் அடர்த்தி குறைந்தது. தேன்மெழுகின் அடர்த்தி நீரினதில் ஏறத்தாழ 0.96 பங்கு ஆகும். அதனால் அது மேலெழுந்து மிதக்க, தொழிலாளர் அதனை வழித்தெடுத்து மீண்டும் பயன்படுத்துவர். கொப்பரையினுள் மெழுகு செல்லத்தக்க இடம் நீரின் மேற்பரப்பு ஒன்றே. பட்டறைத் தரையிற் கொதிநீரை ஊற்றினாலோ மெழுகு செல்லும் இடங்கள் பல. சீமெந்தின் நுண்டுளைகளிற் சிறிது இறங்கும். சுவரோரத்திற் சிறிது ஒதுங்கும். எஞ்சியது வடிகாற் குழாயினுட் குளிர்ந்து இறுகி அதனை அடைத்துவிடும். எங்கே சேர்ப்பது என்ற இரண்டாம் வினாவை மறந்ததன் பயன் இதுவாகும்.

இனி, பொறியைத் துப்புரவு செய்யும் முறையை நோக்குதல் தகும். முதற்கண் சுரண்டுதல் நடைபெறல் வேண்டும். மெழுகு குளிர்ந்து இறுகியிருக்கையில் மரத்தாலான அல்லது பிளாத்திக்கினாலான தகட்டினாற் சுரண்டினால் அது செதிளாகப் பெயரும். இரும்புக் கத்தி பொறியின் செப்பமான பரப்பைக் கீறிவிடும். இங்ஙனம் பெயர்ந்ததை உடனே ஒரு தாளில் ஏந்துதல் நன்று. திண்மமாக எடுக்கத்தக்கதைத் திரவமாக்கிப் பரப்புதல் அறியாமை. அதன்பின் எஞ்சிய மென்படலத்தை வெப்பக்காற்றால் இளக்கி, உறிஞ்சும் தாளினால் ஒற்றி எடுக்கலாம். சுவாலையைக் காட்டுதல் கூடாது. சுவாலையின் வெம்மை எல்லையிறந்தது. மெழுகைப் புகையச் செய்வதுடன் தீயும் பற்றுவிக்கும். தீப்பற்றிய மெழுகின்மேல் நீரை ஊற்றினாலோ, நீர் நொடியில் ஆவியாகி எரியும் மெழுகை நாற்புறமும் சிதறடிக்கும்.

மூன்றாவதாகவே கரைப்பானுக்கு இடம் உண்டு. பொறியின் உறுப்பு இளஞ்சூட்டில் இருக்கையிற் கரைப்பான் தோய்ந்த துணியால் துடைத்தால், சிறிதளவே போதியதாகும். கரைப்பானை மட்டும் ஒருபொழுதும் அடுப்பிற் சூடாக்கலாகாது. இறுதியிற் சவர்க்கார நீராற் கழுவுவதாயின், உருக்கு உறுப்புகளை உடனே நன்கு உலர்த்தி மெல்லிய எண்ணெய் பூசுதல் வேண்டும். இன்றேல் மெழுகு இருந்த இடத்தைத் துரு கைக்கொள்ளும். அலுமினிய உறுப்புகளைச் சலவைச் சோடா முதலிய காரங்கள் அரிக்கும் என்பதும் நினைவிற்கொள்ளற்பாலது.

கரைப்பானைத் தெரிவதில் மனிதர் செலுத்திய விலை சிறிதன்று. பெற்றோல் விரைந்து கரைக்கும் என்பதால் அதனை நாடுவோர் பலர். ஆனால், அதன் ஆவி பூச்சியத்திற்கும் 40 பாகை கீழான குளிரிலும் தீப்பற்றத்தக்கது; காற்றினும் பாரமாதலின் தரையோடு தவழ்ந்து சென்று தொலைவிலுள்ள அடுப்பையும் எட்டும். மண்ணெண்ணெய் ஆவி தீப்பற்றும் நிலை பொதுவாக 38 பாகைக்குக் குறையாது. எனினும் வெயிலிற் காயும் தகரக்கூரையின் கீழ் அவ்வெல்லை தொலைவில் இல்லை. எரியாத கரைப்பான் என்று முன்னாளிற் போற்றப்பட்டது காபனாற்குளோரைட்டு. அது ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் நஞ்சு எனவும், கடுஞ்சூட்டிற் பொசுசீன் என்னும் கொடிய வாயுவாக மாறும் எனவும் தெளிவாயிற்று. 1970ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வீட்டுப் பாவனைப் பொருள்களில் அது தடைசெய்யப்பட்டது. அதன் இடத்தைப் பலவிடங்களிற் பெற்ற முக்குளோரோ எதிலீனும் மனிதரிற் புற்றுநோய் விளைப்பது எனப் பின்னர் வகுக்கப்பட்டது. கறையை விரைந்து அகற்றுவது என்பதனால் மட்டும் ஒரு பொருள் நல்லதாகிவிடாது என்பதற்கு இவை சான்றாகும்.

தரையைத் துப்புரவு செய்தல் பொறியைத் துப்புரவு செய்தலினும் அரிது. சீமெந்துத் தரை நுண்டுளைகள் நிறைந்தது. அதன்மேற் கரைப்பானைத் தாராளமாக ஊற்றினால், கரைந்த மெழுகு மேல்வராது கீழிறங்கும். ஆகவே, முன்போற் சுரண்டிய பின்னர், மரத்தூளையோ எண்ணெயுறிஞ்சும் களிமண் தூளையோ சிறிது கரைப்பானிற் குழைத்துக் கறையின்மேல் அப்பி மூடிவைப்பர். கரைந்த மெழுகைத் தரையினும் மிகுதியாக அத்தூளே உறிஞ்சிக்கொள்ளும். மெழுகு செல்லவேண்டிய இடத்தை முன்னரே ஆயத்தஞ் செய்தலே இம்முறையின் நுட்பம். பலகைத் தளமாயின், உறிஞ்சும் தாளை விரித்து அதன்மேல் இளஞ்சூடான மினுக்கியை வைத்தெடுத்தல் போதும். இறுதியிற் சவர்க்கார நீரில் நனைத்துப் பிழிந்த துணியாற் பலமுறை துடைத்தல் வேண்டும். வழுக்கல் எஞ்சியுளதா என்பதை உலர்ந்த பின்னரே உறுதிசெய்யலாம்.

இதுகாறும் கூறியன மெழுகைப் பற்றியன. அதனுடன் கூடிச் செல்வது யாது என்னும் மூன்றாம் வினா ஈயத்தைப் பற்றியது. பிரித்தானியாவில் 1898ஆம் ஆண்டு தொழிற்சாலைகளின் முதல் மருத்துவப் பரிசோதகராக நியமனம் பெற்ற தோமசு இலெக் என்பார், ஈய நஞ்சு தொழிலாளரைப் பற்றுவது பெரும்பாலும் தூசியையும் புகையையும் உட்சுவாசிப்பதனாலேயே என்றும், அவற்றைத் தடுத்தால் நோயும் நிற்கும் என்றும் வற்புறுத்தினார். கட்டிடங்களின் உட்புறத்தே வெள்ளீயப் பூச்சினைப் பயன்படுத்தலைக் கட்டுப்படுத்தும் 1921ஆம் ஆண்டின் அனைத்துலக உடன்படிக்கையை ஏற்க அந்நாட்டு அரசு மறுத்தமையால், 1926இல் அவர் தம் பதவியையே துறந்தார். ஓர் அறிவியல் உண்மைக்காகப் பதவியை இழக்கத் துணிந்த அப்பெரியார் கூறியது பட்டறைக்கும் பொருந்தும்.

மெழுகினுட் புதைந்த ஈயத்துகள் காற்றிற் பறப்பதில்லை. அந்நிலையில் மெழுகு அதற்கு ஒரு சிறையாகின்றது. அதனாலேயே மெழுகைத் திண்மமாகச் சுரண்டியெடுத்தல் முதன்மையான முறையாகும். மெழுகைக் கரைப்பானிற் கரைத்துத் தரையில் உலரவிட்டாலோ, அச்சிறையின் கதவு திறக்கப்படுகின்றது. கரைப்பான் ஆவியாய்ப் போகும். கரைந்த மெழுகு பரந்து மெலியும். ஈயம் கரையாது எஞ்சிக் காலடியில் மிதிபட்டுத் தூசியாகும். தரை பார்வைக்குத் தூய்மையாய்த் தோன்றும் அந்நேரத்திலேயே அது முன்னினும் கேடுடையதாகின்றது. ஆகவே, கரைசல் உலருமுன்னரே அதனை முழுவதும் துணியில் அல்லது தூளில் ஏற்றி அகற்றல் வேண்டும். உலர்ந்த தும்புத்தடியாற் கூட்டுதலும், அமுக்கிய காற்றை ஊதித் தூசி போக்குதலும் அறவே தகா.

அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட ஈயத் தொழிற்சாலை விதிகளும் இதனையே கூறுகின்றன. தூசியை உறிஞ்சு பொறி முதலியவற்றால் அகற்ற முயன்று, அவை பயன்படாவெனக் கண்ட பின்னரே கூட்டுதலுக்கு அவை இடமளிக்கின்றன. வீட்டிற் பயன்படும் சாதாரண உறிஞ்சு பொறி போதாது. அதன் பை நுண்டூசியை மீண்டும் காற்றில் விடும். ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறிட்டால் வரும் ஒரு கூற்றின் பத்தில் மூன்று பங்கு பருமனுள்ள துகள்களுள்ளும் 99.97 சதவீதத்தைத் தடுக்கும் வடி பொருத்திய பொறியே வேண்டப்படும். தொழிலுடையை உதறித் தூசி போக்குதலையும் அவ்விதிகள் தடுக்கின்றன.

உடையைப் பற்றி விதி செய்தமைக்குத் தக்க காரணம் உண்டு. பட்டறையிலிருந்து வீடு திரும்பும் தந்தையின் செருப்பிலும் சட்டையிலும் ஒட்டிய தூசி, தரையில் தவழும் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் எளிதிற் செல்லும். உட்கொள்ளப்படும் ஈயத்தில், வளர்ந்தோரினும் நான்கைந்து மடங்கு மிகுதியான பங்கினைச் சிறுகுழந்தைகளின் உடல் உறிஞ்சிக்கொள்ளும் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. குருதியில் ஏறத்தாழ ஒரு மாதம் உலவும் ஈயம், என்பிற் சேர்ந்தபின் பல பத்தாண்டுகள் தங்கும். வளரும் மூளையை அது தாக்கிக் கற்கும் ஆற்றலைக் குறைக்கின்றது. குழந்தைகளுக்குத் தீங்கற்றது எனக் கூறத்தக்க ஈய அளவு எதுவும் இதுவரை அறியப்படவில்லை. ஆதலின், தொழிற்செருப்பையும் உடையையும் பட்டறையிலேயே விடுதல், அவ்வுடையை வீட்டாரின் உடையுடன் சேர்த்துத் துவையாமை, வேலை செய்யுமிடத்தில் உண்ணாமை என்பன வெறும் ஒழுங்குகள் அல்ல. குழந்தையின் அறிவைக் காக்கும் அரண்கள். கையில் ஒட்டிய மெழுகை மண்ணெண்ணெயாற் போக்குதலும் நன்றன்று; அது தோலின் இயற்கையான நெய்ப்பசையையும் கவர்ந்துவிடும். சமையலெண்ணெய் சிறிது தடவித் துடைத்து, அதன்பின் சவர்க்காரமிட்டுக் கழுவினாற் கை தூய்மையாகும்.

எஞ்சுவன மெழுகுச் செதிள்களும், கறைபட்ட தாளும் துணியும் தூளுமாகும். இவற்றை எரித்தல் பெரும்பிழை. எரித்தால் ஈயம் புகையோடு கூடி மீண்டும் மூச்சிற் புகும். புதைத்தால் மண்ணிலும், வடிகாலில் இட்டால் நீரிலும் சேரும். கரைப்பான் தோய்ந்த துணிகளை மூடியுடைய உலோகக் கலத்தில் இட்டு, ஈயம் சேர்ந்த கழிவு என எழுதி, அத்தகைய கழிவுகளை ஏற்கும் உரிய இடத்தில் ஒப்படைத்தலே முறை. ஆளிவிதையெண்ணெய் போன்று காற்றில் இறுகும் எண்ணெய் கலவையிற் சேர்ந்திருப்பின், குவித்துவைத்த துணி தானே சூடேறித் தீப்பற்றுதலும் கூடும்.

1857ஆம் ஆண்டிற் படைவீரர் எழுப்பிய வினா, இப்பொருளிற் கலந்திருப்பது யாது என்பதே. அதற்கு அவர் நம்பத்தக்க விடை உரிய காலத்திற் கிடைத்திலது. ஈயப் பட்டறையில் நிற்போனுக்கு அவ்வினாவின் விடை ஐயமின்றித் தெரியும். தெரிந்திருந்தும் தும்புத்தடியை எடுத்துக் கூட்டுவானாயின், குறை அறிவில் இல்லை. அறிந்ததைக் கைக்கொள்ளாமையிலேயே உள்ளது. கறை மறைந்தவுடன் வேலை முடிந்ததெனக் கருதாது, அக்கறை இப்பொழுது எங்கே உளது என்று ஒருமுறை கேட்டு, அதற்கு விடை கூறத்தக்க நிலையில் இருப்போனே பட்டறையை உண்மையாகத் துப்புரவு செய்தவன் ஆவான்.